என் செலவு என் போனுக்கு மட்டும் தெரிய வேண்டும்: எந்தக் கிரெடிட் கார்டு எடுக்கலாம்?

ஏலமலை_குமுளி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமுளியில் இருக்கிறேன். ஏலக்காயும் மிளகும் பொட்டலம் போட்டு வெளியூருக்கு அனுப்பும் ஓர் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். பிடித்தம் போகக் கையில் 19,400 ரூபாய் வரும். என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவார், சீசனில் தேக்கடிக்கு வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கேள்வியைப் படித்ததும் சிலருக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

இரண்டு வருடம் முன்பு அவர் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். அதோடு எனக்கும் ஒரு ஆட்-ஆன் கார்டு, அதாவது அவர் கணக்கிலேயே சேர்ந்த துணைக் கார்டு, எடுத்துக் கொடுத்தார். கார்டில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் நான் எங்கே தேய்த்தாலும் மெசேஜ் அவர் போனுக்குப் போகிறது, பில்லும் அவருக்கே. கம்பத்தில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு நான் பஸ் ஏறுவதற்குள் இங்கே அவர் போன் அடித்துவிடும். ரொம்ப நாள் இதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

நாலு மாதமாகத் தேனியில் ஒரு மனநல ஆலோசகரிடம் போய்வருகிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு தடவைக்கு 800 ரூபாய். தூக்கம் போய், காரணமே இல்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தது. இப்போது பரவாயில்லை. கணவரிடம் சொல்லத்தான் இருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒரு சனிக்கிழமை ஆலோசகருக்கு அந்தக் கார்டில் கட்டிவிட்டேன். அன்று அவர் பகல் முழுக்கத் தோட்டத்துப் பக்கம் இருந்தார், அங்கே டவர் கிடைக்காது. வீட்டுக்கு வந்த பிறகு மெசேஜெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவர் கையில் சோறு. மூன்றாவது படிக்கிற மகள் இப்போதுதான் இங்கிலீஷ் கூட்டி வாசிக்கப் பழகுகிறாள், பிஸ்கட் உறையைக்கூட விடமாட்டாள். அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு, வரியை விரலால் தொட்டுத் தொட்டு, 800 ரூபாயில் ஆரம்பித்து, அந்த இடத்தின் பெயரையும் எழுத்தெழுத்தாகக் கூட்டி முழுதாக வாசித்துவிட்டாள். பெயரிலேயே ‘மைண்ட்’ என்று வரும். “மைண்டுன்னா என்னம்மா?” என்று என்னைப் பார்த்தாள். மாமியார் தட்டிலிருந்து நிமிர்ந்தார். கணவர் ஒன்றும் கேட்கவில்லை, இடது கையால் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

இரவே எல்லாம் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை நானே ஜீப்பில் கூட்டிப் போகிறேன் என்றார். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் சொல்கிற நாளை நான் குறித்திருக்க வேண்டும், அந்த மெசேஜ் குறித்துவிட்டது. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

எனக்கென்று ஒரு கார்டு எடுக்கலாம் என்று இங்கே ஒரு வங்கிக்குப் போனேன். விண்ணப்பத்தை நிரப்பிய பையன் போன் நம்பர் கட்டத்துக்கு வந்ததும், “சேச்சி, ஹஸ்பண்டின்றெ நம்பர் போரே?” என்றான், கணவர் நம்பர் போதாதா என்று மலையாளத்தில். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை, அவனுக்கு அதுதான் வழக்கம். ஆனால் நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். செலவு விவரம் வெளியே போகாத கார்டு என்று தனியாக ஏதாவது உண்டா? நான் கார்டு வைத்திருப்பது, நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் சிபில் மாதிரி இடங்கள் வழியாக வீட்டாருக்குத் தெரியுமா? ஒரு பெரிய கடையின் பெயர் போட்ட கார்டுக்கு நிறையத் தள்ளுபடி என்கிறார்கள். அதை எடுத்தால் நான் வேறு எங்கே என்ன வாங்கினாலும் அந்தக் கடைக்குத் தெரிந்துவிடுமா?

கொழிஞ்சாம்பாறை_பெரியவர்:

அம்மணி, ஒரு வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசி ஏழு வருடம் கார்டு புகார்ப் பிரிவில் இருந்தேன்.

எந்தக் கார்டு என்பதை அப்புறம் பார்ப்போம். யார் கண்ணில் படக்கூடாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டாரா, கடைக்காரரா, வங்கியா? ஒவ்வொருவருக்கும் வழி வேறு.

உங்கள் விஷயம் வீடு. ஆட்-ஆன் கார்டில் இதற்கு வழியே கிடையாது. அந்தக் கார்டில் ஏறும் கடனுக்குச் சட்டப்படி பொறுப்பு முதன்மைக் கார்டுக்காரர்தான், ஆகவே பில் அவருக்குத்தான் போகும். சில வங்கிகளில் உங்கள் நம்பரையும் சேர்ப்பார்கள், ஆனாலும் பில்லில் உங்கள் ஒவ்வொரு வரியும் இருக்கும். உங்கள் பெயரிலேயே தனிக் கார்டு எடுங்கள். நம்பரும் மின்னஞ்சலும் உங்களுடையது. கணவர் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. விண்ணப்பத்தில் தெரிந்தவர் ஒருவர் பெயர் கேட்கும் கட்டம் இருந்தால் அக்கா, தங்கை யாரையாவது போடலாம்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. மின்னஞ்சலில் வரும் பில்லுக்குக் கடவுச்சொல் இருக்கிறதே, பத்திரம்தான் என்று நினைப்பார்கள். பல வங்கிகளில் அந்தக் கடவுச்சொல் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த தேதியும்தான். வீட்டில் இருக்கிறவருக்கு இரண்டும் தெரியும். எனவே மின்னஞ்சலுக்குள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான பூட்டு.

பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த வருடம் ஒருவர் என் மேசைக்கு வந்தார். மனைவியின் கார்டு பில் ஆறு மாதத்துக்கு வேண்டும் என்றார். கல்யாணச் சான்றிதழை லேமினேட் செய்து, அதன் மேல் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்திருந்தார். முடியாது என்றேன். “என் பொண்டாட்டிதானே சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கார்டு அவர்கள் பெயரில் இருக்கிறது, அவர்கள் எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்றேன். மேலாளர் வரைக்கும் போனார், அங்கேயும் அதே பதில்தான். ஆகவே வங்கி கொடுத்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். வீட்டு மேசையில் கிடக்கும் போன்தான் கொடுத்துவிடும்.

சிபில் பற்றி. நம் நாட்டில் இப்படி நாலு நிறுவனங்கள் உண்டு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். எந்த வங்கியின் கார்டு, வரம்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவு, தவணை தவறியதா என்பது அவர்களிடம் இருக்கும். எந்தக் கடை என்பது இருக்காது. உங்கள் அறிக்கையைக் கணவர் தன் பெயரில் எடுக்க முடியாது. நீங்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றிலும் இலவசமாக எடுக்கலாம். இருவரும் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்டால் மட்டும், உங்களுக்குக் கார்டு இருப்பதும் பாக்கியும் கடன் கொடுக்கிறவருக்குத் தெரியும்.

வங்கிக்கு எவ்வளவு தெரியும்? கடையின் பெயர், ஊர், தொகை, அப்புறம் அந்தக் கடை எந்த வகை என்று சொல்லும் நாலு இலக்க எண். மருந்துக்கடை 5912, மருத்துவமனை 8062. எந்த மாத்திரை என்பது தெரியாது. அது மருந்துக்கடைக்காரருக்குத்தான் தெரியும், அதுவும் தள்ளுபடிக்காக நீங்கள் போன் நம்பர் சொன்னால் உங்கள் பெயரிலேயே சேர்ந்துகொண்டு போகும். கடைகள் போன் நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லியிருக்கிறது. “நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்கள்” என்றால் போதும்.

கடைப் பெயர் போட்ட கார்டு: ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. கார்டில் பெயர் போட்டிருக்கும் கூட்டாளி நிறுவனம் உங்கள் பரிவர்த்தனை விவரத்தைப் பார்க்கக் கூடாது. ஆனால் அந்தக் கடையிலேயே வாங்குவது அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அதையும் போன் நம்பரோடு சேர்த்தே வைத்திருப்பார்கள். உங்களுக்கு அந்தக் கார்டு வேண்டாம் என்பது என் எண்ணம்.

அதே விதிகளின்படி, உங்களைப் பற்றிய தகவலை வங்கி வேறு யாருக்கும் தருவதென்றால் எதற்காக, யாருக்கு என்று சொல்லி உங்கள் வெளிப்படையான சம்மதம் வாங்க வேண்டும். அந்தச் சம்மதம் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். டிக் போடும் முன் வாசியுங்கள். டிக் போடாமலே தொல்லை வந்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். விவரம் கேட்க 14448.

வருமான வரியை நீங்கள் நினைக்கவே வேண்டாம். ஒரு நிதியாண்டில் கார்டு பில் 10 லட்சத்தைத் தொட்டால், அல்லது ரொக்கமாக மட்டும் ஒரு லட்சம் கட்டினால்தான் வங்கி தெரிவிக்கும்.

போடி_ஏலக்கடை:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தங்கச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்தில் ஒருவருக்குத் தெரியாமல் கார்டு என்றால் எனக்குப் பயம். என் அண்ணன் அண்ணிக்குத் தெரியாமல் கார்டு வைத்திருந்தார். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் வருடத்துக்கு 42. எங்களுக்குத் தெரியவந்தபோது பாக்கி 2 லட்சத்து 30 ஆயிரம். அண்ணி கழுத்தில் இருந்ததைக் கழற்றித்தான் அடைத்தோம். மறைக்கிற இடத்தில்தான் கடன் வளரும்.

களியக்காவிளை_தையல்:

அண்ணன் சொல்வது நடக்கிற விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கடனை மறைக்கக் கேட்கவில்லையே. டாக்டரிடம் போனதை மகள் வாயால் மாமியார் கேட்க வேண்டுமா?

நான் களியக்காவிளையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பாதி வாடிக்கை பாறசாலைக்காரர்கள். சம்பளச் சீட்டு கிடையாது, அதனால் எந்த வங்கியும் கார்டு தரவில்லை. கடைசியில் 30,000 ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் மேல் கார்டு எடுத்தேன். வருமானச் சான்று கேட்கவில்லை. வரம்பு 24,000. வைப்புக்கு வட்டி பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது, கார்டு இருக்கும்வரை பணத்தை எடுக்க முடியாது, அவ்வளவுதான். போடி அண்ணன் பயப்படுகிற மாதிரி கைமீறிப் போகவும் இதில் வழி குறைவு, ஏனென்றால் வரம்பே நம் பணத்துக்குள்தான்.

ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்கிறேன். கார்டு வரும் முகவரியாக வீட்டைக் கொடுத்தேன். நான் கடையில் இருந்த நேரத்தில் கூரியர் வந்து, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே “பேங்கிலிருந்து கனமான கவர்” என்று தெரிந்துவிட்டது. வேலை செய்யும் இடத்து முகவரியைக் கொடுங்கள்.

அப்புறம் போனில் ஒரு அமைப்பு இருக்கிறது. பூட்டிய திரையில் மெசேஜ் வந்தது என்று மட்டும் காட்டும், உள்ளே என்ன என்று காட்டாது. அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். ஒடிபி வந்தாலும் அடுத்தவர் கண்ணில் படாது.

செங்கோட்டை_ரயில்:

பெரியவர் வீட்டையும் வங்கியையும் சொல்லிவிட்டார், நான் இணையத்தை மட்டும் சொல்கிறேன் அக்கா. சாஃப்ட்வேரில் இருக்கிறேன், பணம் கட்டும் செயலிகள்தான் என் வேலை.

2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் எந்த இணையக் கடையும் உங்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்று ஒரு மாற்று எண் இருக்கும். புத்தகம் வாங்கும் தளத்தில் ஒரு டோக்கன், மருந்து வாங்கும் தளத்தில் வேறு டோக்கன். ஒரு தளத்தில் திருடு போனாலும் அந்த டோக்கன் இன்னொரு தளத்தில் செல்லாது. எண்ணே அச்சிடாத கார்டுகளும் இப்போது வருகின்றன, எண் செயலிக்குள் மட்டும் இருக்கும். கார்டு கையில் கிடைத்தாலும் யாரும் எண்ணைப் படம் எடுக்க முடியாது. ஆனால் அக்கா கேட்ட சிக்கலுக்கு அது மருந்து இல்லை, மெசேஜ் எங்கே போகிறது என்பதை அது மாற்றாது.

அமெரிக்காவில் 2019-ல் வந்த ஆப்பிள் கார்டு, விளம்பரத்துக்காகச் செலவு விவரத்தை வெளியாருக்கு விற்பதில்லை என்று சொல்லியே விற்கப்பட்டது. ஒவ்வொரு கடைக்கும் தனி எண் உருவாக்கித் தரும் சேவைகளும் அங்கே உண்டு. இங்கே அந்தக் கார்டு கிடைக்காது, தேட வேண்டாம்.

விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நம் நாட்டு அமைப்பான ரூபேயின் கிரெடிட் கார்டு எடுத்தால் 2022 செப்டம்பர் முதல் அதை யுபிஐயில் சேர்க்க முடிகிறது. கம்பத்துச் சின்ன மருந்துக்கடையிலும் கியூஆர் ஸ்கேன் செய்து கார்டிலேயே கட்டலாம். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். பல செயலிகளில் உங்கள் யுபிஐ முகவரியே போன் நம்பராக இருக்கும், கட்டிய இடமெல்லாம் அது போய்ச் சேரும். நம்பர் இல்லாத முகவரியாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, வங்கிக்கு மட்டும் தெரிந்த செலவு இப்போது அந்தச் செயலிக்கும் தெரியும். மகள் விளையாட எடுக்கிற போனில் அந்தச் செயலிக்குத் தனிப் பூட்டு வேண்டும்.

ஏலமலை_குமுளி:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

களியக்காவிளை அக்கா சொன்ன வழியையே எடுத்தேன். சீட்டு எடுத்த பணம் 25,000 இருந்தது, அதை வைப்பில் போட்டேன். அதே வங்கி, அதே பையன். நம்பர் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். பத்து எண்ணையும் நானே எழுதி, அவனிடம் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னேன். “சரி சேச்சி” என்று கம்ப்யூட்டரில் ஏற்றினான், திரையைத் திருப்பிக் காட்டு என்றும் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் பெரியவர் சொன்ன பொடி எழுத்து இருந்தது. குழும நிறுவனங்களோடு பகிர்வதற்கான கட்டத்தில் டிக் போடாமல் விட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ரூபே கார்டுதான், வரம்பு 20,000.

போடி அண்ணன் எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். நிறைய நேரம் பேசினோம். மாதம் முடிந்ததும் பில்லில் மொத்தம் எவ்வளவு, கட்டியாகிவிட்டதா என்று அவருக்குச் சொல்வேன். அது இரண்டு பேரும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு, அண்ணன் சொன்னது சரி. எந்தக் கடை, எந்த நாள் என்ற வரிகள் என்னிடம் இருக்கும். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “ஜீப்புக்கு நான் டீசல் போடுற வரியையும் உன்கிட்ட காட்ட வேண்டியதில்லையே?” என்றார். வேண்டாம் என்றேன். அப்படியே முடிவாயிற்று.

ஆலோசகருக்கு இனி ரொக்கமாகவே கொடுக்கப் போகிறேன். 800 ரூபாய்தானே, அதற்குக் கார்டே வேண்டாம்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்தப் பழைய ஆட்-ஆன் கார்டை நானே நிறுத்த முடியுமா?

கொழிஞ்சாம்பாறை_பெரியவர்:

அம்மணி, முதன்மைக் கார்டுக்காரர்தான் நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு முன்னால் அந்தக் கார்டில் தானாகக் கழியும் ரீசார்ஜ், கேஸ் புக்கிங் எதுவும் இருக்கிறதா என்று கடைசி மூன்று பில்லையும் பாருங்கள். இருந்தால் புதுக் கார்டுக்கு மாற்றிவிட்டு, பாக்கி பைசா இல்லாமல் கட்டிவிட்டு, அப்புறம் கொடுங்கள். நிறுத்தியதற்கான தகவல் வந்ததும் கார்டைச் சிப்புக்குக் குறுக்காக வெட்டிவிடுங்கள்.

ஏலமலை_குமுளி:

பார்த்துவிட்டேன், என் போன் ரீசார்ஜ் மட்டும்தான் இருந்தது, மாற்றியாயிற்று. வியாழக்கிழமை தோட்டத்து ஓட்டம் இல்லை. அவரே வங்கிக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார்.